முப்பது கிராம்

மின்தூக்கி நன்றாகத்தான் ஓடுகிறது.
போன வியாழக்கிழமை நானேதான் கதவுத் தண்டவாளத்தைத் துடைத்துக் கிரீஸ் பூசினேன்.
ஆனாலும் காலை ஐந்தரைக்குப்
பத்துக் கிலோ அரிசிப் பையை முதுகில் கட்டி
நான் படியேறுவதைப் பார்க்கும் பி புளோக் சனங்கள்
'மறுபடி கெட்டுப்போச்சா?' என்கிறார்கள்.
பழுது பார்க்கிறவளே நடந்து ஏறினால்
யார்தான் அந்தப் பெட்டிக்குள் நுழைவார்கள்?
ஒன்பதாம் மாடி ரொஹானா மாக்சிக்
இரண்டு நாளாகக் காய்கறிக் கூடையோடு
எனக்குப் பின்னால் மூச்சிரைக்க வருகிறார்.
சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை.

செந்தூலில் இருபத்தொரு மாடி.
மாடிக்கு இரண்டு மீட்டர் எண்பது.
எழுபது முறை ஏறினால்
நான் போகும் இடத்தின் உயரம் வரும்,
நான்காயிரத்து நூற்று முப்பது.
கணக்கு சரி. காற்றுதான் சரியில்லை.
எத்தனை முறை ஏறினாலும் மொட்டைமாடியில்
அதே கொழுத்த காற்று,
யார் வீட்டிலோ நெத்திலி பொரியும் வாசம்,
ஜாலான் ஈப்போவின் புகை.
மெலிந்த காற்றை இந்த ஊரில் யாரும் விற்பதில்லை.

குளிரையும் தேடித்தான் போக வேண்டியிருக்கிறது.
ஞாயிறு மதியம், பேரங்காடியில்,
உறைமீன் பெட்டிகளுக்கு நடுவே
இறகு மேலங்கி மாட்டி இருபது நிமிடம் நின்றேன்.
கையுறையோடு சப்பாத்துக் கயிற்றை
முடிந்தேன், அவிழ்த்தேன், முடிந்தேன்.
கடைப் பையன் வந்து
இறால் ஏதும் வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டான்.

நாலு பேர் போட்ட திட்டம் இது.
இளமாறனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை.
ஷூ ஃபென்னுக்கு முட்டி.
மிச்சம் நானும் தவமலரும்.
அவளும் இப்போதெல்லாம்
கட்டைவிரல் படம் மட்டும் அனுப்புகிறாள்.

இரவில் சமையல் தராசு.
பல்துலக்கியின் பிடியைப் பாதியாய் அறுத்தேன், ஆறு கிராம் லாபம்.
துண்டுக்குப் பதில் துண்டில் கால்வாசி.
உயர நோய் மாத்திரை ஓர் அட்டை.
ஒத்திகைக்கு அரை மாத்திரை விழுங்கிய அன்று
விரல் நுனியெல்லாம் எறும்பு,
ஒரே திருகாணி மூன்று தடவை நழுவி
மின்தூக்கிக் குழிக்குள் விழுந்தது.
இஞ்சி ஊறுகாய் நூற்றெண்பது.
வெளியே எடுத்தேன். திரும்ப உள்ளே வைத்தேன்.
எட்டுக் கிலோ தொள்ளாயிரத்து எண்பத்தைந்து.
ஒன்பதுக்குள் அடக்கியாயிற்று.
இனி ஓர் ஊக்கு கூட ஏறக்கூடாது.

கீழ்வாசல் காவலறையில் தேஜ் புன்,
பன்னிரண்டு மணி நேர வேலை,
என் மூன்றாம் சுற்றில் எப்போதும் ரொட்டி தின்றுகொண்டிருப்பான்.
நேற்று என் வரைபடத்தை வாங்கி
பாதைமேல் விரலை ஓட்டாமல்
பாதைக்கு வெளியே, வெறும் பச்சையில் வைத்தான்.
'இங்கே எங்க வீடு.'
பதினேழு மாதம் ரிங்கிட் சேர்த்து நான் ஏறப்போகிற மேட்டில்
அவன் எருமை தேடி ஏறியிருக்கிறான்.
பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை.

'யாருக்காவது எதாவது கொண்டுபோகட்டுமா?'
கேட்டுவிட்டேன். மனத்துக்குள் தராசு முள் ஆடியது.
'யாருமில்லை.
அண்ணன் கத்தார்.
தம்பி ஜொகூரில், கையுறைத் தொழிற்சாலை.
அம்மா பொக்காராவில் அக்கா வீட்டில்.'
வாசல் தடுப்புக் கம்பம் ஒரு காருக்காக உயர்ந்து தாழ்ந்தது.
'கதவு பூட்டியிருக்கும்.
பூட்டு துருப்பிடித்திருந்தால் கொஞ்சம் எண்ணெய் விடுங்க.
திறக்க வேண்டாம்.'

தையல் இயந்திர எண்ணெய்ப் புட்டி ஒன்றை நீட்டினான்.
அது அங்கே கெட்டியாகிவிடும்.
வேலையிடத்து அலமாரி மூலையில்
இந்த ஊரில் யாருக்கும் தேவைப்படாத குளிர்வகை எண்ணெய்,
ஜெர்மன் இயந்திரத்தோடு வந்து நாலு வருடமாய்க் கிடந்தது.
கண் மருந்துக் குப்பியில் நிரப்பினேன்.
குப்பியோடு முப்பது கிராம்.

பயணத் தாளில் ஓய்வு நாளை அடித்துவிட்டு
'பூட்டு' என்று எழுதினேன்.
தவமலர் கேள்விக்குறி அனுப்பியிருக்கிறாள்.
ஒன்பது கிலோ பதினைந்து.
பல்துலக்கியில் இன்னும் அறுக்க இடமிருக்கிறது.

ஐந்தரை. அரிசிப் பை.
ஏழாம் மாடித் திருப்பத்தில்
கூடையைக் கீழே வைத்துவிட்டு
ரொஹானா மாக்சிக் இன்று
எனக்காக நின்றுகொண்டிருந்தார்.